அடியும் நடையும்

தைப்பூசத்தன்று விடியற்காலை மூன்று மணி. பத்துமலையில் சுங்கை பத்து ஆற்றங்கரை. குளித்த ஈரம் காயாமல் நிற்கிற ஓர் இளைஞனுக்கு அலகு குத்தி, தோளில் காவடியை ஏற்றி, இடுப்புப் பட்டையை இறுக்குகிறார்கள். அம்மா அவன் நெற்றியில் திருநீறு இடுகிறார். இரண்டு அடி தள்ளி உறுமிக்காரர். அவருடைய ஒரு கைக் குச்சி ஒரு பக்கத் தோலைத் தட்டுகிறது. மறு கையில் இருக்கும் வளைந்த குச்சி அடுத்த பக்கத் தோலைத் தேய்க்கிறது. தேய்க்கும்போது எழும் அந்த 'ம்ம்ம்' காதில் விழும்போதே விலா எலும்பிலும் இறங்கிவிடும். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நான் உறுமிக்காரரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் மேளத்தைப் பார்க்கவில்லை, உடன் வாசிக்கிற பையன்களையும் பார்க்கவில்லை. காவடி எடுத்தவனின் முழங்காலில் கண் வைத்திருந்தார். முழங்கால் மடங்கி நிமிரும் கணத்தில் அவர் அடி விழுந்தது. அவன் மூச்சு வாங்கித் தளர்ந்தபோது மேளமும் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு மேளம் மெல்ல விசையைக் கூட்ட, அவன் கால் தன்போக்கில் அதோடு ஏறிக்கொண்டது. மேளத்துக்கு அவன் ஆடுகிறானா, அவன் காலுக்கு மேளம் அடிக்கிறதா? அங்கே நின்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான்.

நம் மொழி இரண்டையும் பிரித்ததே இல்லை. பாதமும் அடி, பறையில் விழுவதும் அடி, செய்யுளின் வரியும் அடி. காலால் நடப்பது நடை. திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்று தாளத்தின் ஓட்டத்துக்கும் அதே பேர். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்தை மேடையில் உட்கார்ந்து பாடும்போதுகூட பாடகரின் தோள் அசையும். காவடி சுமந்து மலைக்கு நடக்கிற கால்களோடு வளர்ந்த வடிவம் அது. காலும் தாளமும் வேறு வேறு என்று நினைக்காத மக்கள் உண்டாக்கிய சொற்கள் இவை. மூளைக்குள் அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை ஆய்வுக்கூடங்கள் படமெடுத்துக் காட்டத் தொடங்கிச் சில பத்து ஆண்டுகள்தான் ஆகின்றன.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு 100 அடி என்று வையுங்கள். அதோடு சேர்ந்து மேசையில் விரலால் தட்டுங்கள். எளிதாக வரும். ஆனால் எதிர்பாராத ஓர் ஒலியைக் கேட்டு விரலை அசைக்க நமக்குக் குறைந்தது 150 மில்லிவிநாடியாவது பிடிக்கும். ஒவ்வோர் அடியையும் கேட்ட பிறகுதான் தட்டுகிறோம் என்றால் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு பிந்தியிருக்க வேண்டும். பிந்துவதில்லை. கருவி வைத்து அளந்தால், பெரும்பாலோர் அடி விழுவதற்குச் சில பத்து மில்லிவிநாடி முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். இசை பயின்றவர்களிடம் இந்த முந்தல் குறைவு. அமெரிக்க உளவியலாளர் நைட் டன்லப் 1910-இலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்பிவிடுகிறது.

இப்போது செயலியை நிமிடத்துக்கு 25 அடி என்று குறையுங்கள். தடுமாறுவீர்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே நடுவில் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். இடைவெளி இரண்டு விநாடியைத் தாண்டினால் தாளம் தாளமாகத் தெரியாது, தனித்தனிச் சத்தமாகிவிடும். நமக்கு மிகவும் இசைவான இடைவெளி அரை விநாடியை ஒட்டியே இருக்கிறது. இயல்பாக நடக்கிற ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 120 காலடி வைப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் ஏறக்குறைய அரை விநாடிக்கு ஓர் அடிதான்.

இந்தக் கணிப்பு மூளையில் எங்கே நடக்கிறது? 2007-இல் கேம்பிரிட்ஜில் ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் சிலரை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கவைத்து ஒலித்தொடர்களைக் கேட்கவைத்தார்கள். சில தொடர்களில் சீரான அடி தானாகப் பிடிபடும். சிலவற்றில் எவ்வளவு உன்னித்தாலும் பிடிபடாது. பிடிபட்டபோது மூளையின் அடியாழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் கூடுதலாக வேலை செய்தன. மருத்துவர்கள் இவற்றை பேசல் கேங்ளியா என்பார்கள். கூடவே, மூளையின் மேற்பரப்பில் அசைவுகளை வரிசைப்படுத்தும் பகுதியும் சுறுசுறுப்பானது. எழுந்து நிற்க, நடக்க, கை நீட்ட நாம் நம்பியிருக்கும் பகுதிகள் இவை. படுத்திருந்தவர்களோ தாளத்துக்கு விரலைக்கூட அசைக்கவில்லை. அடுத்த ஆண்டு மாண்ட்ரியலில் ஜாய்ஸ் சென்னும் அவர் குழுவினரும், பின்னால் தட்டச் சொல்வார்கள் என்பதே தெரியாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் அசைவுப் பகுதிகள் விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். காது கேட்கிறது, கால் உள்ளுக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிடுகிறது.

இதைப் பார்க்க ஸ்கேன் கருவி வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் ஒரு கச்சேரிக்குப் போய், மேடையை விட்டுவிட்டு ரசிகர்களின் மடியைப் பாருங்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு தடவை ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். வலது கை தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை. கண் மூடியிருந்தது. பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து அரை இடம் தள்ளி இருந்தது. அதாவது, சுற்றின் முதல் அடியில் பாடகர் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஒலியே இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கை அந்த மௌனத்தின் மேல் அத்தனை உறுதியாக விழுந்தது. அரை இடம் கழித்துப் பல்லவி வந்தபோது அவர் தலை ஒரு முறை அசைந்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா மானிங், மைக்கேல் ஷுட்ஸ் இருவரும் 2013-இல் வெளியிட்ட சோதனை, அந்த அம்மாவின் கைக்கு விளக்கவுரை எழுதியது போலிருக்கும். சீரான அடிகள் ஒலிக்கும், பிறகு சில அடிகள் மௌனம், கடைசியாக ஓர் ஒலி. அது சரியான நேரத்தில் வந்ததா என்று சொல்ல வேண்டும். சும்மா கேட்டவர்களைவிட, மௌனத்திலும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் இதை நன்றாகச் சொன்னார்கள், முக்கியமாக ஒலி பிந்தி வந்தபோது. தாளம் போடுவதை ரசிகனின் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய விஷயம் அது. கை அசையும்போது காலத்தைப் பிடித்துக்கொள்ளும் மூளையின் திறனே கூர்மையாகிறது. பாட்டு வகுப்பில் குழந்தைகளைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

அந்த நரம்பு முடிச்சுகள் பழுதானால் என்ன ஆகும் என்பதை நான் கிள்ளானில், எங்கள் பெரியப்பா வீட்டில் பார்த்தேன்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதியதால் அந்தப் பேர். டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோக, அதை நம்பியிருக்கும் பேசல் கேங்ளியா தடுமாறும். கை நடுக்கம்தான் வெளியே தெரியும். பெரியப்பாவை வதைத்தது வேறு. கூடத்திலிருந்து நடந்து வருவார், அடுப்படி வாசற்படியில் வந்ததும் நின்றுவிடுவார். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல. மனசு போகச் சொல்லும், கால் போகாது. பின்னாலிருந்து "வாங்கப்பா, வாங்க" என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

ஒரு நாள் காலையில் பெரியப்பா மகள், எங்கள் அக்கா, காலி மைலோ டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் அப்பா நிற்பதைப் பார்த்து, என்ன தோன்றியதோ, டின்னின் அடியில் விரலால் தட்டி "தக திமி தக திமி" என்றார். பெரியப்பா இளமையில் கோயில் பஜனையில் ஜால்ரா போட்டவர். இரண்டு சுற்று கேட்டார். மூன்றாவது சுற்றின் 'தக'வில் வலது கால் எழுந்தது. படியைத் தாண்டி, அடுப்படி மேசை வரைக்கும் நிற்காமல் நடந்து வந்தார். அக்கா டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

மைக்கேல் தௌட் என்பவர் தன் குழுவினரோடு 1996-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். பார்க்கின்சன் நோயாளிகள் மூன்று வாரம் வீட்டிலேயே தாளத்தோடு நடந்து பழகினார்கள். இசையில் அழுத்தமான அடிகளைச் சேர்த்து, அவரவர் இயல்பு வேகத்தில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்று வார முடிவில் நடை வேகம் 25 விழுக்காடும், ஒரு நடையின் நீளம் 12 விழுக்காடும் கூடியிருந்தன. தாளமில்லாமல் நடைப்பயிற்சி செய்தவர்களிடம் இந்த அளவு முன்னேற்றம் இல்லை. உள்ளிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் கருவி பழுதாகும்போது, வெளியிலிருந்து வரும் அடி சிறுமூளை வழியாகவும் மூளைப்புறணி வழியாகவும் மாற்றுப்பாதையில் காலுக்குப் போகிறது என்பதே இப்போது பெரிதும் சொல்லப்படும் விளக்கம். இன்னொன்றும் உண்டு. கிரானும் பிரெட்டும் 2009-இல் காட்டியபடி, சீரான அடி உள்ள தாளங்களின் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதிலேயே இந்த நோயாளிகள் பின்தங்குகிறார்கள். ஆகவே மெல்லிய, மறைவான தாளம் அவர்களுக்கு உதவாது. டின்னில் விழுகிற மாதிரி, பச்சையாகக் கேட்கிற அடி வேண்டும்.

இது நோயைக் குணமாக்காது. மருந்தை நிறுத்த இது காரணமாகிவிடக் கூடாது. வேகமான தாளம் வைத்தால் முன்னால் தள்ளி விழுந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி வேகத்தை முடிவுசெய்வதே நல்லது. ஆனால் வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன். நம் வீடுகளில் தாளத்துக்குப் பஞ்சமில்லை.

பத்துமலைக்குத் திரும்புவோம். 272 படிகளில் ஏறுகிறவர்களில் கரும்புத் தொட்டில் சுமக்கிறவர்களை நான் விடாமல் பார்ப்பேன். பிள்ளை வரம் கேட்டு, கிடைத்தபின் நேர்த்திக்கடன் செலுத்த வரும் தம்பதிகள். கரும்பில் மஞ்சள் துணியைத் தூளியாகக் கட்டி, குழந்தையை அதில் போட்டு, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலுமாகத் தூக்கி வருவார்கள். ஒவ்வொரு படிக்கும் தூளி ஒரு குலுங்கு குலுங்கும். அந்தக் குழந்தை தாளப்பாடம் படித்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போதே தாளச்சுற்றின் முதல் அடி விடுபட்டால் அவற்றின் மூளை அதைக் கண்டுகொள்கிறது என்று இஷ்ட்வான் விங்க்லரும் ஹென்க்யான் ஹோனிங்கும் தங்கள் குழுவினரோடு 2009-இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2005-இல், ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் ஏழு மாதக் குழந்தைகளுக்கு இரண்டாகவும் கேட்கலாம், மூன்றாகவும் கேட்கலாம் என்கிற ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். சில குழந்தைகளை இரண்டுக்கு ஒரு முறை தூக்கிக் குலுக்கினார்கள், சிலரை மூன்றுக்கு ஒரு முறை. பிறகு எந்தத் தாளத்தை விரும்பிக் கேட்டன? தங்கள் உடம்பு எப்படிக் குலுங்கியதோ அந்தத் தாளத்தை. ஒலி ஒன்றுதான். அதில் நடை எது என்பதை உடம்பு முடிவுசெய்தது.

(தூளியில் வரும் குழந்தைகளின் காதுக்கு ஒரு மூடியைப் போடுங்கள் என்று பெற்றோரைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது வேலைத்தலங்களில் பெரியவர்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மேளத்துக்குப் பக்கத்தில் அந்த அளவு எளிதாக வந்துவிடும்.)

உறுமியின் கனத்த ஒலிக்குத் தனி வல்லமை இருக்கிறது. டேவிட் கேமரூனும் டிரெய்னரும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடனக் கச்சேரி ஒன்றுக்கு இடையே காதுக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த ஒலியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது ஒலித்த நேரங்களில் ஆட்டம் சராசரியாக 11.8 விழுக்காடு கூடியது. ஆடியவர்களால் அந்த ஒலி இருந்ததையே சொல்ல முடியவில்லை. உள்காதில் உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பும், தோலும் தாழ்ந்த ஒலிகளை வாங்கிக்கொள்வதால் இப்படி நடக்கலாம். தவிலும் உறுமியும் சேர்ந்த மேளத்தில், தவில் எண்ணிக்கை சொல்கிறது, உறுமி இடுப்பைப் பிடித்துத் தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றும்.

காவடி என்றதும் பெரும்பாலோர் கேட்பது வலியைப் பற்றி. ஆக்ஸ்ஃபர்டில் எம்மா கோஹனும் ராபின் டன்பரும் படகோட்டும் மாணவர்களை ஆராய்ந்தார்கள். தனியாகத் துடுப்புப் போட்டபோதும் குழுவாகச் சேர்ந்து போட்டபோதும் உழைப்பு ஒன்றே. சேர்ந்து போட்ட நாளில் வலி தாங்கும் எல்லை கணிசமாக உயர்ந்தது. 2015-இல் பிரேசிலின் பள்ளி மாணவர்களை ஒன்றாக ஆடவைத்துப் பார்த்ததிலும் அதே முடிவு வந்தது. ஒரே நேரத்தில் அசைவதற்கே உடம்பு எண்டார்ஃபின்களைப் பரிசாகத் தருகிறது என்று இவர்கள் கருதுகிறார்கள்.

மொரீஷியஸில் நம் தைப்பூசக் காவடியையே ஆராய்ந்தவர் டிமிட்ரிஸ் ஸிகலாடாஸ். வெறும் பூசைக்கு வந்தவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் அவர்களோடு கூட நடந்தவர்களும் பிறகு கோயிலுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று 2013-இல் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வெளியான ஓர் ஆய்வுக்காக, ஸ்பெயினில் தீமிதி நடக்கும் ஒரு சிற்றூரில் அவரும் குழுவினரும் இதயத் துடிப்பை அளந்தார்கள். தீயில் நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கும் விதம், ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிற அவருடைய உறவினரிடமும் அப்படியே தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் தெரியவில்லை. ஆற்றங்கரையில் திருநீறு பூசிவிட்டு மகனை விட்டுக் கண்ணெடுக்காமல் நடந்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மேளம் அடித்தால் மூளை அலைகள் அதன் வேகத்துக்கு இழுபட்டு, ஆளுக்கு அருள் வந்துவிடும் என்று ஆண்ட்ரூ நெஹர் 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். கேட்க அறிவியல்போல இருந்ததால் அது பரவிவிட்டது, இன்றும் பரவுகிறது. பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூஷே 1980-இல் எழுதிய பெரிய நூலில் இதை மறுத்தார். அவர் வாதத்தை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இதுதான்: மேளம் மட்டும் போதுமென்றால் மேளக்காரருக்கல்லவா முதலில் சாமி வர வேண்டும்? பத்துமலைக்குப் போனவர்களுக்கு இது புரியும். லட்சக்கணக்கானோர் அதே உறுமியைக் கேட்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறவரும் கேட்கிறார், போலீஸ்காரரும் கேட்கிறார். அருள் வருவது, நாள் கணக்காக விரதம் இருந்து, தரையில் படுத்து, நேர்ந்துகொண்ட ஒன்றை நிறைவேற்ற வந்தவருக்கு. 1984-இல் மலேசியத் தைப்பூசத்தைப் பற்றி எழுதிய உளவியலாளர் காலீன் வார்டும் மேளத்தோடு கூட்டத்தையும் சூழலையும் எதிர்பார்ப்பையும் சேர்த்தே பேசுகிறார். மேளம் பாதை போடும். நடப்பவர் ஏற்கனவே புறப்பட்டிருக்க வேண்டும்.

அந்தப் பாதை இல்லாவிட்டால்? சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. காவடிகள் நிற்கவில்லை. உடன் வந்த உறவினர்கள் கைதட்டினார்கள், பாடினார்கள், 'வேல் வேல்' என்று ஒருவர் சொல்ல 'வெற்றிவேல்' என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. சொல்லிப் பாருங்கள், அதுவே ஒரு தாளச்சுற்று. 2016-இல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் தொண்டையும் உள்ளங்கையும் மேளத்தின் வேலையைச் செய்திருக்கின்றன.

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிவிநாடி பிடிக்கும். முப்பத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கிற மேளத்தின் அடி, பத்தில் ஒரு விநாடி பிந்தி வந்து சேரும். காலுக்கு அது பெரிய பிசகு. உறுமிக்காரர் ஏன் அந்த இளைஞனை விட்டு இரண்டு அடிக்கு மேல் விலகவே இல்லை என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்றைக்கு அவர்களோடேயே நடந்து போனேன். மலையடிவாரத்தில், படிகளுக்குச் சற்று முன்னால், கூட்டம் நெரிந்து எல்லோரும் நின்றுவிட்டோம். உறுமியின் வார் நழுவியது. அதை இழுத்து மாட்ட அவர் குச்சியை நிறுத்தினார், கூட வாசித்தவர்களும் நிறுத்தினார்கள். இளைஞன் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே அவன் குதிகால் எழுந்து இறங்கியது. சலங்கை ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. உறுமிக்காரர் வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். உடனே அடிக்கவில்லை. அவன் காலைப் பார்த்தார், தலையை லேசாக ஆட்டினார், நான்காவது சலங்கையைப் போகவிட்டார். ஐந்தாவதில் குதிகால் தரையைத் தொட்ட இடத்தில் குச்சியை வைத்தார்.